மேற்கோளும் இடஞ்சுட்டலும்

தாம் கூறும் பொருளுக்கு முன்னோர் நூல்களினின்றும் சான்று காட்டுதல் தமிழ் உரையாசிரியர்தம் தொல்வழக்கு. அவ்வழக்கின் சிறப்பைப் போற்றுவோர் அதன்கண் அமைந்த குறையையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும்.

சீவகசிந்தாமணிக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் பழம்பாடல் அடியொன்றை எடுத்தாண்டு, 'என்றார் பிறரும்' என்னும் அளவில் அமைதல் பெரும்பான்மை. அப்பிறர் யாவர், அந்நூல் யாது என்பன ஆண்டுக் கூறப்படா. இதனைக் குற்றமென உடனே துணிதல் முறையன்று. நூல்களை நெட்டுருச் செய்து பாடங்கேட்ட மாணாக்கனுக்கு ஓரடியைக் கேட்ட அளவில் முழுப்பாட்டும் நினைவில் எழும். மேலும், ஏட்டுச்சுவடியில் ஒரு படியின் ஏட்டெண் மற்றொரு படிக்கு ஒவ்வாது. ஆதலின் ஏடு சுட்டுதலாற் பயனுமில்லை.

ஆயின், பாடங்கேட்கும் மரபு தளர்ந்தபொழுது அவ்வடிகள் தாயிழந்த சேய்களாயின. சிந்தாமணியை ஆராய்ந்து 1887இற் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இவ்விடர்ப்பாட்டை நேரே உணர்ந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளிற் சங்கநூல்களைக் கண்ட பின்னரே மேற்கோள்கள் பலவற்றின் பிறப்பிடம் அவருக்குப் புலனாயிற்று. நூற்பெயர் ஒன்று குறிக்கப்பட்டிருப்பின் அத்துணைத் தேட்டமும் வேண்டியிராது.

பெயர் சுட்டியதன் பயனை யாப்பருங்கல விருத்தியிற் காணலாம். அவிநயம், காக்கைபாடினியம் என்னும் இலக்கணங்கள் இன்று முழுநூலாக இல்லை. விருத்தியுரைகாரர் அவற்றின் ஆசிரியர்களைப் பெயரிட்டு எடுத்தாண்டமையாலேயே, சூத்திரங்கள் சிலவேனும் இன்னார்க்கு உரியவை எனத் துணிய முடிகின்றது. முத்தொள்ளாயிரப் பாடல்களிற் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூலால் எஞ்சியவை. முதனூல் மறைந்தவிடத்து மேற்கோளே நூலாகின்றது.

அச்சுநூல் பெருகிய இக்காலத்தில் உரையாசிரியரின் சுருக்கத்தைக் காட்டித் தப்புதல் பொருந்தாது. பழம்பாடலாயிற் பாட்டெண்ணும் அடியெண்ணும் தருதல் தகும். பதிப்புத்தோறும் பக்கம் மாறினும் அவை பெரும்பாலும் மாறா. பிற்கால நூலாயின் ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியன வேண்டும். இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. பிறரொருவர் நூலில் எடுத்தாளப்பட்ட பகுதியை, முதனூலைக் கண்ணாற் காணாதே கண்டார்போற் குறித்தல் கல்விக்கு அடாத செயல். இடையே நின்றவர் பாடத்தைப் பிழைபடத் தந்திருப்பின் அப்பிழையும் புதியவர் பெயரால் வழிவழிப் பரவும். அவ்விடையவரது உழைப்போ மறைக்கப்படும்.

இடஞ்சுட்டல் வெறும் அடிக்குறிப்பு அணியன்று. கூற்றைச் சோதித்து மறுக்கும் உரிமையைக் கற்போர்க்கு அளிப்பது அதுவே. அவ்வுரிமையை அளியாத கட்டுரை எத்துணை இனிய நடையினதாயினும் ஆராய்ச்சி எனப்படாது.