சட்டைப்பைக் காமிரா

நல்ல நாவல் எது என்று என்னைக் கேட்கிறவர்கள் வருஷத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். நல்ல காமிரா எது என்று கேட்கிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். நாவலைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லி விரோதமும் சம்பாதித்திருக்கிறேன். காமிராவைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

போன மாதம் என் அக்கா பிள்ளை வந்தான். முதல் சம்பளம் வாங்கியிருந்தான். சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு டிஜிடல் காமிரா வேண்டுமாம். 15,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாதாம். "இதைப் பாருங்க மாமா" என்று ஒரு விளம்பரத்தை நீட்டினான். கொட்டை எழுத்தில் 48 மெகாபிக்ஸல் என்று இருந்தது. அதன் கீழே 16 மடங்கு ஜூம். விலையோ 5,000 ரூபாய்க்குள்.

"இது வேண்டாம்" என்றேன்.

"48னு போட்டிருக்கானே, மாமா?"

"அதனாலேதான் வேண்டாம்."

மெகாபிக்ஸல் என்பது பத்து லட்சம் புள்ளி. புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருக்கத்தான் செய்தது. 1975ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் செய்த முதல் டிஜிடல் காமிராவில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள்தாம். சுமார் மூன்றரைக் கிலோ எடை. ஒரு படத்தை நாடாவில் பதிக்க 23 விநாடி. அந்த நிலையில் எண்ணிக்கை கூடக் கூடப் படமும் தெளிவாகும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் நாலுக்கு ஆறு அங்குலப் படம் அச்சுப்போட 22 லட்சம் புள்ளி போதும். ஏ4 தாள் முழுக்க அச்சுப்போட 90 லட்சம் போதும். அதற்கு மேல் எத்தனை கோடி இருந்தாலும் வீட்டில் மாட்டுகிற படத்துக்கு ஒன்றும் கூடிவிடாது. நாலு பக்க விஷயத்தை நானூறு பக்கமாக்கி எழுதும் நாவலாசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

மலிவுக் காமிராக்களில் இன்னொரு மோசமும் நடக்கிறது. உள்ளே நிஜமாக இருக்கிற புள்ளிகள் கொஞ்சம். பக்கத்துப் புள்ளியைப் பார்த்து நடுவில் இட்டு நிரப்பியவை மிச்சம். 16 மடங்கு ஜூம் என்பதும் பல சமயம் லென்ஸ் செய்கிற காரியம் அல்ல. படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவதுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வெளிச்சம் வந்து விழுகிற ஸென்ஸாரின் பரப்பைப் பார்க்கவேண்டும். அதை விளம்பரத்தில் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். சாதாரணச் சட்டைப்பைக் காமிராவில் அது சுமார் 28 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 'ஒரு அங்குல' ஸென்ஸார் என்று சொல்லப்படுவது 116 சதுர மில்லிமீட்டர், நாலு மடங்கு. இந்த அங்குலமும் பொய்க் கணக்குத்தான். அளந்தால் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8, சுமார் அரை அங்குல நீளந்தான். பழைய டெலிவிஷன் காமிராவில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்தது லென்ஸின் எஃப் எண். இது தலைகீழ்க் கணக்கு. எண் குறைந்தால் வெளிச்சம் ஜாஸ்தி. எஃப் 4 விடுகிற வெளிச்சத்தைப்போல நாலு மடங்கை எஃப் 2 உள்ளே விடும்.

இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். கானன் கம்பெனி 2008ல் வெளியிட்ட ஜி10 காமிராவில் 1 கோடியே 47 லட்சம் புள்ளி. மறுவருஷம் வந்த ஜி11ல் அதை ஒரு கோடியாகக் குறைத்தார்கள். மங்கல் வெளிச்சத்தில் படம் நன்றாக வரவேண்டும் என்பதே காரணம். வியாபாரத்தில் எண்ணைப் பெரிதாக்குவது சுலபம். சிறிதாக்க ஒரு துணிச்சல் வேண்டும். அதே ஒரு கோடியோடு, எஃப் 2 லென்ஸோடு, 2010ல் எஸ்95 என்று ஒரு சின்னக் காமிராவும் வந்தது. எடை 200 கிராம்கூட இல்லை. 2012ல் ஸோனியின் ஆர்எக்ஸ்100 ஒரு அங்குல ஸென்ஸாரைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. அது மேலானதுதான், விலையும் மேலானது.

எஸ்95லும் குறை உண்டு. ஜூமை முழுக்க நீட்டினால் எஃப் எண் 4.9 ஆகிவிடும், வெளிச்சம் ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். தூரத்துப் பறவையைப் பிடிக்க அது லாயக்கில்லை. கிட்டத்தில் இருக்கிற மனிதர்களுக்கு அது போதும் என்பது என் கட்சி.

"போனிலேயே எடுக்கலாமே?" என்று வாசகர் கேட்பார். எடுக்கலாம். பகலில் நல்ல போன் எடுக்கிற படத்தை மலிவுக் காமிரா எடுக்காது. 2010ல் உலகமெங்கும் 12 கோடிக்கு மேல் காமிராக்கள் அனுப்பிய ஜப்பானியக் கம்பெனிகள் 2023ல் 80 லட்சம்கூட அனுப்பவில்லை என்றால் காரணம் அதுதான். ஆனால் போனைக் கையில் எடுத்தால் நடுவில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். காமிராவுக்கு ஒரே வேலை. அதைக் கையில் வைத்திருக்கிறவனுக்கும் அந்த நேரத்துக்கு ஒரே வேலை.

நான் ஏமாந்த கதையைச் சொல்லவேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் எண்ணைப் பார்த்து மயங்கி அப்படி ஒரு காமிரா வாங்கினேன். என்னை வளர்த்த பெரியம்மா ஊரில் இருந்தாள். போன அன்று சாயங்காலம், பின்கட்டில் பல்பு வெளிச்சத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எடுத்தேன். காமிராவின் குட்டித் திரையில் படம் அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் அவள் போய்விட்டாள். பெரிதாக்கிக் கொடுக்கச் சொல்லி ஸ்டுடியோவில் கொடுத்தேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதிலே முகமே இல்லையே" என்றார். ஈரத்துணியால் துடைத்த பலகை மாதிரி இருந்தது. வாக்காளர் அட்டைக்காக எடுத்த படத்தைத்தான் மாட்டினோம். அதில் அவள் யாருக்கோ பயந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவள் யாருக்கும் பயந்தவள் அல்ல.

அக்கா பிள்ளை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "பாட்டியை மறுநாள் காலையிலே வாசல்லே உட்கார வச்சு எடுத்திருந்தா, அந்தக் காமிராவிலேயே வந்திருக்குமே மாமா?"

வந்திருக்கும். இத்தனை வருஷமாக அந்தக் காமிராவைத் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது தோன்றவில்லை. மறுநாள் அதிகாலையிலேயே நான் பஸ் ஏறிவிட்டேன்.

அவன் பழைய எஸ்95 ஒன்றைத் தேடிப் பிடித்தான். பழைய காமிராக்களுக்கு இப்போது இளைஞர்களிடையே மோகம் ஏறியிருப்பதால் அதற்கும் விலை கூடித்தான் போயிருக்கிறது. வாங்குமுன் பார்க்கச் சொன்னவை மூன்று: லென்ஸ் மணல் அரைபடும் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகவேண்டும், பாட்டரி உப்பியிருக்கக்கூடாது, கார்டு சாதாரண எஸ்டி கார்டாக இருக்கவேண்டும். 2002ல் வந்து பிறகு நின்றுபோன எக்ஸ்டி கார்டு கேட்கிற காமிராவை வாங்கினால், கார்டு தேடியே ஆயுள் முடிந்துவிடும்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான், அச்சுப்போட்டு, தபாலில். அக்கா சமையலறையில், ராத்திரி விளக்கில், அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நிழலில் கொஞ்சம் பொரிபொரியாகத்தான் இருக்கிறது. முகம் இருக்கிறது.