அயல்நாட்டுத் தீர்மானங்களும் நமது கடமையும்

இலங்கைத் தமிழர் பட்ட துன்பங்கள் குறித்து அயல்நாட்டுப் பாராளுமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றும் போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘உலகம் விழித்துக்கொண்டது’ என்று ஆனந்தக் கூத்தாடுகிறது ஒன்று. ‘நாட்டின் இறைமையில் அந்நியன் கைவைத்துவிட்டான்’ என்று கூச்சலிடுகிறது மற்றது. இரண்டுமே தீர்மானங்களை ஊன்றிப் படித்தபின் எழுந்த குரல்களல்ல. ஒரு நாவலை விமர்சிக்கும்போது அது யாரைப் பற்றியது, யாருக்காக எழுதப்பட்டது, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்கிறோம். அக்கேள்விகளைத் தீர்மானங்களிடமும் கேட்பதில் தவறில்லை.

2022ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் கனடாவின் பொதுச்சபை, இலங்கையில் தமிழர் இனப்படுகொலைக்கு ஆளாயினர் என ஏற்று, மே 18ஐ நினைவு நாளாக ஏகமனதாகப் பிரகடனம் செய்தது. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இஃது ஆறுதலே. அதனை எள்ளி நகையாடுவோர் மனித நேயம் அறியாதவர். 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கம் முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்பட நால்வர் மீது தடையும் விதித்தது. ஆயினும் 2009இல், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளையில், உலகப் பேரரசுகள் செய்தது யாது? அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் ஐரோப்பியப் பாராளுமன்றம் போர்நிறுத்தம் கோரித் தீர்மானம் இயற்றியது. போர் நிற்கவில்லை. அழிவு முடிந்தபின் அஞ்சலி செலுத்துவது எளிது. அழிவைத் தடுத்தல் அரிது.

2021 ஜூன் 10ஆம் நாள் அதே பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரியது, ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை அதற்கு நெம்புகோலாகப் பயன்படுத்துமாறு ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு எடுத்துரைத்தது. 1979இல் இயற்றப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அச்சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்பது. அதன் கரங்கள் வடக்கு கிழக்கோடு நின்றுவிடவில்லை; நமது தோட்டங்களின் லயன்கள் வரை நீண்டன. ஆகவே அக்கோரிக்கை நமது கோரிக்கையுமாகும். ஆனால் நெம்புகோலின் பளு எவர் தோளில் விழுகிறது? 2010 ஆகஸ்டில் அச்சலுகை நிறுத்தப்பட்டு 2017 மே மாதத்திலேதான் மீண்டது. ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களுள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துச் சென்ற நம் வீட்டுப் பெண்களும் உளர். அவர்களுடைய வேலையைக் கேடயமாக உயர்த்திப் பிடித்து, சட்டத்தைக் காப்பாற்ற முனைந்த ஆட்சியாளரின் கயமையையும் நாம் மறந்துவிடலாகாது. தைக்கும் பெண்ணுக்கு வேலையும் வேண்டும். சிறையிலிருக்கும் அவள் அண்ணனுக்கு நீதியும் வேண்டும்.

‘அந்நியத் தலையீடு’ என்று முழங்குவோரை ஒன்று கேட்போம். 2023இல் சர்வதேச நாணய நிதியம் விதித்த நிபந்தனைகளை ஏற்றபோது உங்கள் இறைமை எங்கே உறங்கியது? 1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்கள் அமர்ந்து 9,75,000 மனிதரைப் பங்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றனர். பங்கிடப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரில்லை. தேசபக்தர் எவரும் அதனைத் தலையீடு எனக் கண்டிக்கவுமில்லை.

மறுபுறம், அயலவரின் நீதியில் அளவற்ற நம்பிக்கை வைப்போருக்கும் நம் வரலாறு பாடம் வைத்திருக்கிறது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது. பிரித்தானியர் விட்டுச்சென்ற அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு பாரபட்சமான சட்டங்களைத் தடுக்கும் என நம்பி வழக்காடினர். 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் அச்சட்டத்தில் குற்றமில்லை என்று தீர்த்தது. நம்மைக் கொண்டுவந்து காட்டை அழித்துத் தேயிலை நடச் செய்த நாட்டின் நீதி அவ்வளவே!

இடதுசாரிகளாகிய நாமும் நம்மைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். 1948இல் அச்சட்டத்தை எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில் அரசாங்கத்தில் அமர்ந்திருந்தது. 2009 மே 27ஆம் நாள் ஐ.நா. மனித உரிமைச் சபையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியபோது, நாம் பெரிதும் மதித்த கியூபாவும் அவற்றுள் ஒரு வாக்கை அளித்தது. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பெயரால் உழைக்கும் மக்களின் பிணங்களைக் காண மறுப்பது முற்போக்கு ஆகாது. 1990இல் வடபுல முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டியதைப் பேசாது விடுவதும் அத்தகையதே.

இத்தீர்மானங்கள் சொல்லாமல் விட்டது எதனை? 1977, 1983 வன்செயல்களில் மலையிலிருந்து விரட்டப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு திருத்திக் குடியேறின. 2009இல் போர் அவர்களையும் விழுங்கியது. ‘தமிழர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர்களுடைய இரட்டைத் துயரம் மறைந்துபோயிற்று. பண்டாரவளைக்கு அண்மையில், பிந்துனுவெவ முகாமில், 2000 அக்டோபரில் தடுப்பிலிருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோர் கும்பலால் கொல்லப்பட்டனர். தண்டனை பெற்றோரை 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நம் மலையில் நடந்த இக்கொடுமையை இன்று எத்தனை மாணவர் அறிவர்?

ஒட்டாவாவிலும் பிரசல்சிலும் அமர்ந்திருப்போர் தம் முன் வைக்கப்பட்ட சாட்சியங்களைக் கொண்டே எழுதுகின்றனர். நம் மக்களின் சாட்சியம் அங்கே இல்லையெனில், அதனை எழுதாதிருந்த குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. வன்னிக்குப் போய் மீண்டவரும், மீளாதவரின் உறவினரும் இன்னும் நம் தோட்டங்களில் வாழ்கின்றனர். ஆசிரியரும் மாணவரும் குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்ல வேண்டும். பெயரும் ஊரும் ஆண்டும் பிழையின்றி எழுத வேண்டும். சிங்களத் தோழர்கள் படிக்கும்படி அவர்கள் மொழியிலும் தர வேண்டும். இந்நாட்டு உழைக்கும் மக்கள் அறியாத உண்மையை அயல்நாட்டுச் சபைகள் ஆயிரம் முறை அறிந்தாலும், அதனால் நமது சிறைக் கதவொன்றும் திறவாது.