வெண்டர்ஸ் எடுக்காத காட்சி

ஜப்பானிய உணவகங்களின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராமென் கிண்ணம், டெம்புரா, நுரை ததும்பும் பீர் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். எதையும் சாப்பிட முடியாது, அத்தனையும் மாதிரி. 1983இல் டோக்கியோ போன ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ், இந்த மெழுகுச் சாப்பாடு செய்யும் பட்டறையில் பொறுமையாக உட்கார்ந்து படமெடுத்தார். எல்லாவற்றையும் எடுக்க விட்டவர்கள் ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்கவில்லை: மெழுகுப் பண்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர்கள் மதியச் சாப்பாடு சாப்பிடுவதை. 1985இல் வெளிவந்த ‘டோக்கியோ-கா’ ஆவணப்படத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, எடுக்கப்படாத அந்தக் காட்சிதான்.

படத்தின் நோக்கம் எளிது. 1963இல் இறந்துபோன யசுஜிரோ ஓசுவின் டோக்கியோ இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தேடுவது. கிடைப்பதோ பச்சிங்கோ கூடங்கள், மாடியில் கோல்ஃப் பந்தை அடித்துக்கொண்டே இருக்கும் ஆட்கள், பூங்காவில் அமெரிக்க ராக் பாட்டுக்கு ஆடும் இளைஞர்கள், ஓயாத தொலைக்காட்சி. வெண்டர்ஸின் பின்னணிக் குரல் போகப்போகச் சோர்ந்துபோகிறது. பச்சிங்கோ ஆடுகிறவர்கள் ஏதோ மயக்கத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. (ராத்திரி கடை மூடினபிறகு ஒருவர் வந்து சின்னச் சுத்தியால் ஆணிகளைத் தட்டித்தட்டிச் சரிசெய்கிறார். படத்தின் அருமையான இடங்களில் ஒன்று அது.)

சரி, ஓசு படங்களில் பச்சிங்கோ இல்லையா என்ன?

1952இல் வந்த ‘பச்சைத் தேநீரில் சோற்றின் சுவை’ படத்தை எடுத்துப் பாருங்க. கதாநாயகன் ஒரு பச்சிங்கோ கூடத்துக்குப் போகிறான். முதலாளி யார்னு பார்த்தால், போரில் இவனுக்குக் கீழே வேலைபார்த்தவன். பெயர் ஹிராயாமா. நடித்தவர் சிஷு ரியூ, ‘டோக்கியோ-கா’வில் வெண்டர்ஸ் அவ்வளவு பயபக்தியோடு பேட்டி எடுக்கிறாரே, அதே ரியூதான். பச்சிங்கோவால் பிழைக்கிற அந்த ஹிராயாமாவே, இதெல்லாம் ஓடுகிற வரைக்கும் நாடு உருப்படாது என்கிற மாதிரி அலுத்துக்கொள்கிறான். 31 வருஷம் கழித்து வெண்டர்ஸ் விடுகிற பெருமூச்சு இதுவேதான். ஆனால் ஓசு அதைக் கடைக்காரன் வாயிலேயே வைத்து நம்மைச் சிரிக்க விட்டுவிட்டார். 1959இல் வந்த ‘காலை வணக்கம்’ இன்னும் ஒருபடி மேல்: டிவி வாங்கித் தரச்சொல்லி இரண்டு பையன்கள் பேசாவிரதம் இருப்பதுதான் கதையே, நடுநடுவே குசு விடும் போட்டி வேறு. தூய்மையான ஓசு என்பவர் ஐரோப்பாவின் திரையரங்குகளில் உருவானவரோ என்று எனக்குச் சந்தேகம்.

வெண்டர்ஸைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. ஷின்ஜுகுவில் ஒரு சந்தைத் தன் வழக்கமான லென்ஸில் எடுத்துவிட்டு, அதே இடத்தை ஓசுவின் 50 எம்எம் லென்ஸில் மறுபடி எடுத்துக் காட்டுகிறார். வேறு யாரோ எடுத்தது போல ஆகிவிடுகிறது. தன் கண் எங்கே முடிந்து அடுத்தவர் கண் எங்கே தொடங்குகிறது என்று பார்வையாளருக்கு இவ்வளவு நேர்மையாகக் காட்டியவர்கள் குறைவு. ரயில் நிலையத்தில் நடக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பொடியனைப் பார்த்ததும் அவருக்கு வருகிற சந்தோஷமும் நிஜம். தேடாதபோது அவருக்கு ஓசு கிடைக்கிறார்.

பட்டறைக்காரர்கள் மறைத்த மதியச் சாப்பாடு மாதிரியான விஷயங்களை எடுக்க உள்ளூர் ஆள்தான் வேண்டியிருந்தது. கியோய்ச்சி சுசுகி தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை, பத்திரிகை ஆசிரியர். பளபளப்பான படப்புத்தகங்களில் வரும் ஜப்பானிய வீட்டைப் பார்த்தால், தட்டாய்ப் பாய், காகிதக் கதவு, ஒற்றைப் பூ, அவ்வளவுதான். அப்படி யார் வாழ்கிறார்கள் என்று கேட்டவர் போல, சுசுகி தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் அறைகளுக்கெல்லாம் போய்ப் படமெடுத்தார். 1993இல் ‘டோக்கியோ ஸ்டைல்’ புத்தகமாக வந்தது. சுவரெல்லாம் இசைத்தட்டு, தரையெல்லாம் புத்தகம், கழுவாத பாத்திரம், கொடியில் துணி, மடிக்காத படுக்கை. மனிதர்கள் யாரும் படத்தில் இல்லை. ஆனால் இப்போதுதான் எழுந்து கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று தெரியும். ஏழ்மை என்று பரிதாபப்படவும் முடியாது, ஏன்னா ஒவ்வொரு அறையும் அங்கே வாழ்கிறவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது.

அந்தப் புத்தகத்தைப் புரட்டியபிறகு வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023) படத்தை மறுபடி பார்த்தேன். டோக்கியோவில் பொதுக் கழிப்பறை சுத்தம் செய்கிறவர், கேசட்டில் பழைய ஆங்கிலப் பாட்டு கேட்கிறார், ஃபாக்னர் படிக்கிறார், மதிய இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து இலைகளுக்கிடையே விழும் வெளிச்சத்தைச் சின்ன ஃபிலிம் கேமராவில் எடுக்கிறார். பிரிண்ட் போட்டு, பிடிக்காததைக் கிழித்துவிட்டு, மிச்சத்தைத் தகரப் பெட்டியில் சேர்க்கிறார். கோஜி யகுஷோவின் நடிப்பு அற்புதம், கான் விருதும் கிடைத்தது. எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அந்தப் பாத்திரத்தின் ரசனை முழுக்க வெண்டர்ஸின் ரசனை. டிவி கிடையாது, பச்சிங்கோ பக்கமே போவதில்லை. 1983இல் அவர் தேடிக் கிடைக்காத டோக்கியோக்காரரை 40 வருஷம் கழித்துத் தானே செய்துகொண்டார் போல.

பெயர் மட்டும் ஓசுவிடமிருந்து வந்தது. ஹிராயாமா. ‘டோக்கியோ கதை’ குடும்பத்தின் பெயர் அது, பச்சிங்கோ கடைக்காரரின் பெயரும் அதுவேதான்.