தெரேசின் குழந்தைகளின் படங்களைப் பார்ப்பது எப்படி?

முதலில் தாளைப் பாருங்கள். பூவும் ஜாடியும் அப்புறம். பல படங்களில் அடியில் இருப்பது அச்சடித்த அலுவலகப் படிவம். கட்டங்களும் கோடுகளும் அப்படியே தெரியும். அவற்றின் மேல் கலர் தாளைக் கிழித்து ஒட்டி மலையோ வீடோ உருவாக்கியிருப்பார்கள். கிழித்த ஓரத்தில் நார் நாராக வெள்ளை தெரியும். அந்த வெள்ளையே சில இடங்களில் மலைமேல் விழும் வெளிச்சம்போல ஆகிவிடுகிறது. இந்த ஓரங்களுக்கே ஐந்து நிமிஷம் கொடுக்கலாம்.

தெரேசின், பிராக் நகருக்கு வடக்கே உள்ள பழைய கோட்டை ஊர். 1941 இறுதியில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்துவைக்கும் முகாமாக்கினார்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் 1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்டார். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹாஸ் கலைப்பள்ளியில் படித்தவர். கையோடு கொண்டுவர அனுமதித்த கொஞ்சம் சாமான்களில் வரைபொருள்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார். குழந்தைகள் விடுதிகளில் வகுப்பு நடத்தினார். கிடைத்த தாளெல்லாம் ஓவியத்தாள் ஆனது.

அடுத்து கோடு. தன் ஆசிரியர் யோஹன்னஸ் இட்டனிடம் கற்ற பயிற்சியை ஃப்ரீடல் இங்கேயும் செய்யவைத்தார். அவர் தாளம் தட்டுவார், பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குக் கோடு இழுப்பார்கள். சுருள், அலை, வளையம். பார்க்க வெறும் கிறுக்கல்தான். ஆனால் கோடு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்ந்து ஓடுகிறது என்று விரலை வைத்துத் தொடர்வதுபோல் கண்ணால் தொடருங்கள். பயந்த கை விட்டுக்கொடுக்கும் இடம் பிடிபடும்.

பிறகு மூலையில் பெயரைத் தேடுங்கள். பெயர் எழுதச் சொல்வதில் ஃப்ரீடல் பிடிவாதமாக இருந்தார். முகாம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தது எண்.

கறுப்பு என்றால் சோகம், பட்டாம்பூச்சி என்றால் விடுதலை என்று அர்த்தம் சொல்லும் வேலை மட்டும் வேண்டாம். அடுக்குக் கட்டிலையும் வரிசையில் நிற்பவர்களையும் வரைந்த பிள்ளைகள் உண்டு. படத்தில் முகாமின் சுவடே இல்லாமல் தோட்டத்தை வரைந்தவர்களும் உண்டு. இரண்டுமே அந்த வகுப்பு நேரத்துக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டவை. ஃப்ரீடலிடம் முன்பு பாடம் கேட்ட எடித் கிராமர், பின்னாளில் நியூயார்க்கில் கலைச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார். படத்துக்கு விளக்கம் சொல்வதைவிட, படைக்கும் செயலே ஆற்றும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

1944 அக்டோபரில் ஃப்ரீடல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். படங்கள் இரண்டு பெட்டிகளில் பத்திரமாக இருந்து, போருக்குப் பின் பிராக் வந்து சேர்ந்தன. சுமார் 4,500 படங்கள் இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தின் வசம் இருக்கின்றன. நூறு நூறாய்ப் பார்த்துத் தள்ளாமல், ஒரு நாளைக்கு இரண்டு படம் போதும்.

பிராக் போக வாய்த்தால் பிங்காஸ் ஜெப ஆலயத்தின் மாடியில் சிலவற்றைக் காணலாம். நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 80,000 யூதர்களின் பெயர்கள் கீழ்த்தளச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படித்த கையோடு மாடியேறினால், எந்தப் படமும் சாட்சியமாகத்தான் தெரியும். சாட்சியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கலர் சேர்ந்திருக்கும் அழகும் கண்ணில் பட வேண்டுமே. முடிந்தால் முதலில் நேரே மாடிக்குப் போங்கள்.