கடலை எழுதியவர்களும் படம் பிடித்தவர்களும்

சென்ற பனிமய அன்னையின் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த என் தாய்மாமா, மேசைமீது கிடந்த தடித்த நூலொன்றை எடுத்துப் புரட்டினார். நாலைந்து பக்கம் படித்திருப்பார். பின்னர் அதை மூடி வைத்துவிட்டு, "ஏ மக்கா, நம்ம வீட்டுச் சண்டைய ஊருக்குச் சொல்லுத புஸ்தகத்த நீயும் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கியே" என்று வருத்தத்தோடு சொன்னார். அந்நூல் ஜோ டி குரூஸ் எழுதிய 'கொற்கை'. 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்ற நாவல் என்று சொல்லிப் பார்த்தேன். "விருது குடுத்தவன் நம்ம தெருவுலயா இருக்கான்?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. திருவிழா முடிந்து அவர் ஊர் திரும்பிய பிறகு, நம் கரையைப் பற்றிய மூன்று நாவல்களை மீண்டும் படித்தேன். இரண்டு திரைப்படங்களை மீண்டும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நூலுக்கும் நமக்கும் உறவு பழையது. ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அவருடைய 'அடியார் வரலாறு' 1586இல் வெளிவந்தது. இந்தியாவில் அச்சு தன் முதல் அடிகளை எடுத்து வைத்த காலத்திலேயே முத்துக்குளித்துறை மக்களின் கைக்குத் தமிழ் நூல்கள் வந்துவிட்டன. ஆனால், அந்த மக்களே கதைமாந்தராக வரும் நாவலுக்கு எத்தனை நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது!

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. மணப்பாட்டைக் களமாகக் கொண்ட சிறிய நூல். ஓர் இரவில் படித்துவிடலாம். ஆசிரியர் நம் கரையைச் சேர்ந்தவர் அல்லர். திருநெல்வேலிக்காரர். லாஞ்சிகள் வந்து வல்லக்காரர்களின் பிழைப்பில் கைவைத்த காலத்தில், தன் வல்லத்தையும் வீட்டையும் விற்க மனம் வராத குரூஸ் மிக்கேலையும் அவருடைய மகள் பிலோமியையும் அவர் படைத்தார். யாரையும் வெறுக்கத் தெரியாத பெண் பிலோமி. தன்னைக் கைவிட்டுப் போனவனைக்கூட அவளால் சபிக்க முடிவதில்லை. அந்த நூலில் கடல் அதிகம் இல்லை. கடலுக்குப் போய்விட்டு வருகிறவர்களின் வீடுதான் இருக்கிறது. விருந்தாளியாக வந்த ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, குரலை உயர்த்தாமல், நம்மைப் பற்றி நமக்கே சொன்னதுபோல் இருக்கிறது. இதில் நம் மக்களின் பேச்சு முழுமையாக இல்லை என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை.

வீட்டுக்காரரே எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு 2004இல் 'ஆழி சூழ் உலகு' விடையாக வந்தது. உவரியில் பிறந்து, கப்பல் தொழிலில் பணியாற்றிய ஜோ டி குரூஸின் முதல் நாவல் அது. ஆமந்துறை என்னும் கடற்கரை ஊரின் அரை நூற்றாண்டு வாழ்க்கை. கோத்ராப் பிள்ளை, சூசையார், இளைஞனான சிலுவை ஆகிய மூவர் நடுக்கடலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, ஊரின் கதை அந்தத் தத்தளிப்புக்கு இடையிடையே விரிகிறது. முதல் ஐம்பது பக்கங்களில் நான் இருமுறை தடுக்கி விழுந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கச்சான், கொண்டல், வாடை, நீவாடு என்று காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள சொற்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. தூத்துக்குடியில் பிறந்தும், கடலைத் துறைமுகச் சாலையிலிருந்தே பார்த்து வளர்ந்த என் போன்றோருக்கு அவற்றில் பாதி அயல்மொழி. நாணத்தோடு என் தாயாரிடம் கேட்டேன். எண்பது வயதைத் தாண்டிய அவர் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னதோடு நில்லாமல், எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழில் இல்லாத ஒரு தமிழை என் தாயார் எழுபது ஆண்டுகளாகத் தமக்குள் வைத்திருந்தார் என்பதை ஒரு நாவலின் வழியாகத்தான் நான் அறிந்தேன்.

இந்த நாவலில் தொழில் இருக்கிறது. கட்டுமரத்தில் சுறா வேட்டைக்குச் செல்பவர்களின் உடல் வலி, கடலில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்பியாக வேண்டிய கட்டாயம், அந்த நம்பிக்கை கரையேறியவுடன் உடைந்துவிடும் கொடுமை, எல்லாம் இருக்கின்றன. காகு சாமியார் வருகிறார். பங்குத்தந்தையை நம் மக்கள் அன்போடும் சில நேரம் எரிச்சலோடும் 'சாமியார்' என்றே அழைப்பார்கள். அந்த இரண்டு ஓசையும் அவரைப் பற்றிய பகுதிகளில் கேட்கின்றன. அவரை ஆசிரியர் பீடத்தில் ஏற்றவில்லை. ஊரின் நடுவே நடமாட விட்டிருக்கிறார்.

'கொற்கை' 2009இல் வந்தது. 1914 தொடங்கி 2000 வரை தூத்துக்குடியின் கதை. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். கொழும்புக்குச் சென்ற தோணிகள், தண்டல்கள், பாண்டியபதியின் பெருமை மங்கியது, வணிகம் கைமாறியது என்று ஒரு நகரமே அதில் உள்ளது. குறையையும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் மிகுதி. ஒருவரைப் பழகிக்கொள்வதற்குள் அவர் இறந்துவிடுகிறார். அவருடைய பேரன் வந்து நிற்கிறான். நான் ஒரு தாளில் வம்சாவளி எழுதிக்கொண்டே படித்தேன், தாள் போதவில்லை. முதல் நாவலில் இருந்த மூச்சுத் திணறல் இதில் அவசரமாக மாறிவிட்டது.

என் மாமாவை நோகச் செய்தது அந்தக் குறை அன்று. மேசைக்காரர், கம்மாரக்காரர் என்று ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டவர்கள் ஒருவருக்கொருவர் பெண் கொடுக்காமல் இருந்ததையும், பணம் வந்தபோது நாம் நடந்துகொண்ட விதத்தையும் இந்நூல் மறைக்கவில்லை. மாமாவிடம் இப்போது பேசுவதாயின் ஒன்று கேட்பேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுகிறவன் தன் பாவத்தைத்தான் சொல்கிறான், அடுத்தவன் பாவத்தை அல்ல. இவர் எழுதியிருப்பதும் அப்படித்தானே? அந்நியர் எழுதியிருந்தால் அது அவதூறாகியிருக்கலாம். ஆனால், "அங்கே தூணுக்குப் பின்னால் அத்தனைபேரும் கேட்டுக்கொண்டா இருக்கிறார்கள்?" என்று மாமா திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு.

இனித் திரைப்படங்கள். 'கடல்' 2013இல் வந்தது. மணிரத்னத்தின் இயக்கம், கதை ஜெயமோகனுடையது. தாயை இழந்த சிறுவன் தாமஸ் வரும் தொடக்கக் காட்சிகளைக் கண் கலங்காமல் பார்க்க இயலாது. அரவிந்த்சாமி நடித்த சாம் அடிகளாரின் பொறுமையும் மனத்தில் நிற்கிறது. ஆயினும் அவர் வந்து சேரும் ஊரில் கோயில் கேட்பாரற்றுக் கிடக்கிறது! பட்டினியிலும் கடலில் பிடித்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கிய கரை இது. சாமியாரோடு சண்டையிட்டுக் கோயில் வாசலிலேயே கத்துவார்களேயன்றி, கோயிலைப் பாழடைய விடமாட்டார்கள். போகப்போக கதை இறைவனுக்கும் சாத்தானுக்கும் நடக்கும் போராகிவிடுகிறது. வலை காய்வது பின்னணியில் அழகாகத் தெரிகிறது, அவ்வளவே. அதே கடற்கரையின் ஒளியை இத்தனை அழகாகப் பிடித்தவர்கள், அங்கு ஒருவன் விடியற்காலையில் என்ன வேலை செய்கிறான் என்பதைச் சற்று நின்று பார்த்திருக்கலாம்.

சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' 2012இல் வந்தது. குடியில் அழியும் அருளப்பசாமி, அவனை வளர்க்கும் லூர்துசாமியும் மேரியும், அவனுக்காகக் காத்திருக்கும் எஸ்தர். பாடல்களும் சில வசனங்களும் மிகை என்பேன். ஆனால், மகனின் குடியால் தெருவில் தலைகுனிந்து நிற்கும் அந்தத் தாயை நம் ஒவ்வொரு பங்கிலும் காணலாம். சரண்யா பொன்வண்ணன் நடிக்கவில்லை என்றே தோன்றியது. கடலுக்குப் போனவன் துப்பாக்கிக்கு இரையாகலாம் என்ற அச்சத்தை வீட்டின் அடுக்களைக்கே கொண்டுவந்த படம் இது. என் தாயார் இதைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இத்தனையிலும் என் மனத்துக்கு அருகிலுள்ள ஒருவரை நான் இன்னும் கண்டேனில்லை: முத்துக் குளிப்பவர். தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷும் மனோரமாவும் முத்துக்குளிப்பைப் பற்றி ஆடிப் பாடினார்கள். நாடே சிரித்து மகிழ்ந்தது. நானும் ரசித்த பாட்டுத்தான். என் பாட்டனார் 1950களின் சலாபத்தில் குளித்தவர். ஒரு காது கேளாது. வானொலியில் அந்தப் பாட்டு வரும்போது எழுந்து வெளியே போய்விடுவாராம்.

குளிப்பவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாகவே இருப்பான் என்று கரையில் சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலி தன் கையில் இருக்கும்போது அவன் கண்ணயர மாட்டான் அல்லவா? என் பாட்டனாருக்குக் கயிறு பிடித்தவர் பாட்டியின் தம்பி. பிற்காலத்தில் ஒரு சுவர்த் தகராறில் இருவரும் பதினோர் ஆண்டுகள் பேசாமல் இருந்தார்கள். பாட்டனாரின் அடக்கத்தன்று குழிக்குள் பெட்டியை இறக்கும் நேரத்தில், அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தலைமாட்டுக் கயிற்றை வேறொருவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.