நடிக்காமல் போனவர்களின் 'எந்திரன்': அறிவியல் புனைவில் கைவிடப்பட்ட நடிகர் தேர்வுகள்

மாற்று வரலாறு என்பது, நடந்த ஒன்றை நடக்காததாகவோ நடக்காத ஒன்றை நடந்ததாகவோ வைத்துக்கொண்டு, அதிலிருந்து என்னவெல்லாம் மாறியிருக்கும் என்று எழுதிப் பார்க்கும் புனைவு வகை. போர்களையும் தேர்தல்களையும் வைத்து எழுதப்படுவதே அதிகம். ஆனால் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களையும் படங்களையும் வைத்து, 'இந்த வேடத்தில் இவருக்குப் பதில் அவர் நடித்திருந்தால்' என்று பலர் கூடி எழுதும் ஒரு கிளையும் உண்டு. ஒருவர் பிரிவுப் புள்ளியைக் குறிப்பார், இன்னொருவர் அடுத்த ஆண்டின் படங்களை மாற்றி அடுக்குவார், மூன்றாமவர் அந்த நடிகருக்குக் கிடைக்காமல் போன விருதைக் கொடுப்பார். இந்த எழுத்தில் பெரும்பகுதி பெயர் மாற்றம் மட்டுமே. பெயர் மாறினால் கதையும் வசனமும் பார்வையாளரின் நினைவும் எப்படி மாறும் என்று கேட்பவர்கள் குறைவு. அக்கேள்வியைக் கேட்டால் இந்த விளையாட்டு திறனாய்வாகிவிடும் என்பது இக்கட்டுரையின் வாதம். தமிழில் அதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று 'எந்திரன்'.

வெளியுலக முன்மாதிரிகள்

இந்தப் பழக்கம் தொலைக்காட்சியில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரில், 1966-இல் வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, நாயகன் உடல் மாறி வேறொருவராவான் என்று கதையிலேயே வழி செய்தார்கள். பேட்ரிக் டிரௌட்டன் வந்தார். அன்றிலிருந்து அந்த வேடம் யாருக்கும் போகலாம் என்றாகிவிட்டது. முதல் டாக்டர் வேடத்தை மறுத்ததாகச் சொன்ன ஜெஃப்ரி பெய்ல்டன், 2003-இல் வெளிவந்த 'அன்பவுண்ட்' என்னும் ஒலி நாடக வரிசையில் அதே முதல் டாக்டராகக் குரல் கொடுத்தார். கைவிடப்பட்ட தேர்வு நாற்பது ஆண்டுகள் கழித்து நிறைவேறிய அபூர்வ நிகழ்வு அது.

'ஸ்டார் டிரெக்' இன்னும் வேடிக்கையானது. 1964-65-இல் எடுத்த முதல் முன்னோட்டப் படத்தில் கப்பல் தலைவர் ஜெஃப்ரி ஹண்டர். அவர் திரும்பி வராததால் வில்லியம் ஷாட்னர் நாயகனானார். ஆனால் ஹண்டர் நடித்த காட்சிகளை வீணாக்காமல், 1966-இல் இரண்டு பகுதிக் கதை ஒன்றுக்குள் கடந்தகால நிகழ்வாகச் செருகிவிட்டார்கள். ஸ்பாக் வேடம் முதலில் மார்ட்டின் லாண்டோவிடம் பேசப்பட்டது. அவர் 'மிஷன்: இம்பாசிபிள்' தொடருக்குப் போனார். 1969-இல் அவர் அத்தொடரை விட்டு விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்பாக்காக நடித்து முடித்திருந்த லெனர்ட் நிமாய். இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

நம் பக்கத்தில் இதற்கு மூத்த சான்று சத்யஜித் ராயின் 'தி ஏலியன்'. வங்காளக் குளம் ஒன்றில் வேற்றுக்கிரகக் கலம் இறங்கும் கதை. 1967-இல் ராய் திரைக்கதையை எழுதினார். கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளியாக இருந்த மைக் வில்சன் அதை கொலம்பியா நிறுவனத்திடம் கொண்டுபோனார். மார்வாடி வணிகராக பீட்டர் செல்லர்ஸ் என்று பேச்சு. அமெரிக்கப் பொறியாளர் வேடத்துக்கு மார்லன் பிராண்டோவின் பெயரும் ஜேம்ஸ் கோபர்னின் பெயரும் அடிபட்டன. செல்லர்ஸ் விலகினார், படம் எடுக்கப்படவே இல்லை. ராயின் மற்ற படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தோன்றும்: பிராண்டோ வந்திருந்தால் அந்தக் குளமும் அந்தச் சிறுவனும் படத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருப்பார்கள். (மைக் வில்சன் பின்னாளில் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியானார். அது தனிக் கட்டுரைக்குரியது.)

மூன்று 'ரோபோட்'டுகள்

இயக்குநர் ஷங்கர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கமல்ஹாசனையும் பிரீத்தி ஜிந்தாவையும் வைத்து 'ரோபோட்' என்ற படத்தைத் திட்டமிட்டார். எழுத்தாளர் சுஜாதா உடனிருந்தார். ஒப்பனையோடு புகைப்படங்களும் எடுக்கப்பட்டன. படம் நின்றது. 2007-இல் ஷாருக் கானை நாயகனாக்கி அதே கதையை இந்தியில் எடுக்கும் முயற்சி தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் கதை தொடர்பான கருத்து வேறுபாட்டால் ஷாருக் விலகினார். 2008 ஜனவரியில் ரஜினிகாந்தின் பெயர் அறிவிக்கப்பட்டது. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். வசனத்தில் அவரோடு ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோரின் பங்கும் உண்டு. படம் 2010 அக்டோபர் 1 அன்று தமிழில் 'எந்திரன்', இந்தியில் 'ரோபோட்', தெலுங்கில் 'ரோபோ' என வெளிவந்தது. தமிழ்ப் பெயருள்ள படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு நடைமுறையில் இருந்த காலம் அது. 2001-இல் கமலோடு வந்திருந்தால் இப்படத்தின் தமிழ்த் தலைப்பும் 'ரோபோட்' என்றே இருந்திருக்கும்.

ஆக மூன்று படங்கள் இருந்திருக்கக்கூடும், ஒன்றுதான் நம் கையில் உள்ளது. மற்ற இரண்டைப் பற்றிப் பேசுவது வெறும் ஆசை என்று ஒதுக்க முடியாது. அவற்றுக்கு மிக அருகில் நிற்கும் இரண்டு படங்கள் உண்மையாகவே எடுக்கப்பட்டுள்ளன.

கமலின் 'ரோபோட்' எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சான்று 'ஆளவந்தான்'. 2001 நவம்பரில் வெளிவந்த அப்படத்தில் கமல் நல்லவனும் கொடியவனுமான இரட்டையர்களாக நடித்தார். ஒரே சட்டகத்தில் ஒரே நடிகர் இருவராக மோதிக்கொள்ளும் காட்சிகளுக்கு அன்றைய புதிய தொழில்நுட்பங்கள் பயன்பட்டன. இயக்கியவர் 'பாட்ஷா' எடுத்த சுரேஷ் கிருஷ்ணா. படம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. அதன் நந்து பாத்திரத்தைப் பார்க்கும்போது நாம் வியப்பது கமலின் உடல் உழைப்பை: மழித்த தலை, பெருத்த தசை, மாறிய குரல். 'இந்தியன்', 'தசாவதாரம்' இரண்டிலும் இதே வியப்புத்தான். கமலின் எந்திர மனிதனும் அப்படித்தான் அமைந்திருப்பான். முகத்தசையை எப்படி அசையாமல் வைத்தார், எந்திரத்தின் நடையை எப்படிப் பயின்றார் என்று பேசியிருப்போம். குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வியப்பு நடிகரைப் பற்றியது, எந்திரத்தைப் பற்றியதல்ல.

ஷாருக்கின் 'ரோபோட்'டுக்குச் சான்று 2011 அக்டோபரில் வந்த 'ரா.ஒன்'. அதில் அவர் சேகர் சுப்ரமணியம் என்ற தமிழராகவும், அவர் உருவாக்கிய விளையாட்டிலிருந்து வெளிவரும் ஜி.ஒன் ஆகவும் நடித்தார். படைத்தவனுக்கும் படைப்புக்கும் ஒரே முகம் என்ற ஏற்பாடு இங்கும் இருக்கிறது. ஆனால் நூடுல்ஸில் தயிரைக் கலந்து உண்ணும் அந்தத் தமிழர் ஒரு கேலிச்சித்திரம். அதைவிட முக்கியமான வேறுபாடு, தீமை வேறு உடலுக்குப் போய்விட்டது என்பது. வில்லன் ரா.ஒன் வடிவத்தை அர்ஜுன் ராம்பால் ஏற்றார். நாயகன் கறைபடாமல் தப்பித்துக்கொண்டான். 'எந்திரன்' கதையின் உயிரே நல்ல எந்திரமும் கெட்ட எந்திரமும் ஒன்றே என்பதுதான். அதை இரண்டு நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் மிச்சமிருப்பது வழக்கமான சண்டைப் படம்.

ரஜினியின் சிட்டி

ரஜினி செய்ததில் இந்த இருவரிடமும் இல்லாதது எது? பிற்பாதியில் சிவப்புச் சில்லு பொருத்தப்பட்ட சிட்டி, தன் நகல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் வசீகரனை ஆட்டைப்போல் கத்திக் கேலி செய்தபடி தேடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். திரையரங்கு அதிர்ந்தது எந்திரத்துக்காக அல்ல. 'மூன்று முடிச்சு' (1976), 'அவர்கள்' (1977), '16 வயதினிலே' (1977) ஆகிய படங்களில் இருந்து, பின்னர் முப்பது ஆண்டுகளாக நாயக வேடத்தால் மூடிவைக்கப்பட்ட அந்தப் பழைய வில்லன் வெளியே வந்தான். எந்திரம் கட்டுப்பாட்டை மீறுவதும், நட்சத்திரம் தன் நல்ல பிம்பத்தை மீறுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வேறு யார் நடித்திருந்தாலும் முதலாவது மட்டுமே நடந்திருக்கும் என்று எழுதத் தோன்றுகிறது.

ஆனால் அப்படி எழுதினால் அது ரசிகரின் வாதம். ஷாருக்குக்கும் அப்படி ஒரு இறந்தகாலம் உண்டு. 'பாஸிகர்', 'டர்' (இரண்டும் 1993), 'அஞ்சாம்' (1994) ஆகியவற்றில் அவர் எதிர்மறை வேடங்களில் நின்றார். 'டர்' படத்தில் ஒரு பெண்ணை விடாமல் துரத்துகிறவன் அவர். சனாவைக் கடத்திச் சென்று அடைத்துவைக்கும் சிட்டிக்கு அந்த நினைவு ரஜினியின் நினைவைவிடப் பொருத்தம். ஷாருக்கின் சிட்டி நம்மை அச்சுறுத்தியிருப்பான். ரஜினியின் சிட்டியோடு நாம் சேர்ந்து சிரித்துவிடுகிறோம், கடத்தப்பட்டவளின் அச்சம் அந்தச் சிரிப்பில் கரைந்துபோகிறது. எடுக்கப்படாத படம் எடுக்கப்பட்ட படத்தின் மீது வைக்கும் கடுமையான விமர்சனம் இது. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

வசீகரன் விஷயத்திலும் தீர்ப்பு எளிதல்ல. படம் வெளியானபோது ரஜினிக்கு 59 வயது. ஆய்வுக்கூடத்தில் தூக்கம் மறந்து உழைக்கும் விஞ்ஞானியாக அவர் சோர்வாகவே தெரிகிறார். சுஜாதாவின் கதையில் 'விக்ரம்' (1986) படத்தில் ராக்கெட்டைத் தேடிப் போன கமலுக்கு இவ்வேடம் இயல்பாகப் பொருந்தியிருக்கும். ஆனாலும் ரவுடிகள் துரத்தும்போது வசீகரன் எதிர்த்து நிற்காமல் ஓடுகிறானே, அந்தச் சிறு காட்சி ரஜினியால்தான் பொருள் பெறுகிறது. கமல் ஓடினால் அது ஒரு விஞ்ஞானி ஓடுவது. ரஜினி ஓடினால் ஒரு வகைத் தமிழ்ப் படமே ஓடுகிறது.

சனா யார்?

பிரீத்தி ஜிந்தா, பிரியங்கா சோப்ரா, ஐஸ்வர்யா ராய். மூன்று முயற்சிகளிலும் நாயகி வேடத்தோடு இணைந்த பெயர்கள் இவை. ரசிகர்கள் எழுதும் மாற்று வரலாறுகளில் நாயகன் மாறும்போது படமே மாறுகிறது. நாயகி மாறினால் பாடல் காட்சியின் ஆடை மட்டும் மாறுகிறது. எழுதியவர்களின் சோம்பல் என்று முதலில் நினைத்தேன். படத்தை மீண்டும் பார்த்தபோது தவறு அவர்களுடையது அல்ல என்று புரிந்தது. சனாவை நீக்கிவிட்டு அங்கே வேறு எவரை வைத்தாலும் ஒரு வசனம்கூட மாற வேண்டியதில்லை. 'என் இனிய இயந்திரா' நாவலில் நிலாவைக் கதையின் நடுவில் நிறுத்தி, எந்திர நாய் ஜீனோவை அவள் பக்கத்தில் நடக்கவிட்ட அதே சுஜாதா சம்பந்தப்பட்ட படம் இது என்பது வருத்தம் தருகிறது. தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த அக்கதையைப் படித்தவர்களுக்கு இந்த இழப்பு கூடுதலாகத் தெரியும்.

தகவலா, வதந்தியா?

இவ்வகைப் பதிவுகளில் ஒரு பெருங்குறை, எல்லாப் பெயர்களையும் ஒரே தட்டில் வைப்பது. கமலின் படத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. ஷாருக்கின் படத்துக்கு அறிவிப்பும் விலகல் செய்தியும் இருக்கின்றன. இடையில் பத்திரிகைகளில் அடிபட்ட வேறு சில பெயர்களுக்கு அடிபட்டதைத் தவிர ஒன்றுமில்லை. மாணவர்கள் இவற்றை மேற்கோள் காட்டும்போது, பேசப்பட்டவர், அறிவிக்கப்பட்டவர், படம்பிடிக்கப்பட்டவர் என்று பிரித்துக் குறிப்பிடுவது நல்லது. இப்பிரிவு இல்லாமல் எழுதப்பட்ட கற்பனை சில ஆண்டுகளில் வரலாறு என்ற பெயரில் திரும்பி வந்துவிடும்.

எல்லையோரத்தில்

தொரப்பள்ளி ராஜாஜி பிறந்த ஊர், ஓசூருக்குப் பக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும் பகுதி. ரஜினியின் பூர்வீக ஊராகச் சொல்லப்படும் நாச்சிக்குப்பம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் உள்ளது. அவர் பேருந்து நடத்துநராக வேலை பார்த்த நகரமும், சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய நகரமும் ஒன்றே: பெங்களூரு. இங்கிருந்து பார்க்கும்போது, மாற்று வரலாறுகளில் எவரும் கேட்காத ஒரு கேள்வி முன்னுக்கு வருகிறது: படம் எந்த மொழியில் இருந்திருக்கும்?

ஷாருக்கின் 'ரோபோட்' நமக்கு மொழிமாற்றப் படமாகவே வந்திருக்கும். முற்பாதியில் சொன்னதைச் சொன்னபடியே பொருள்கொண்டு சிட்டி அடிக்கும் சிரிப்புகள் தமிழின் சொல் விளையாட்டில் பிறந்தவை. உதட்டசைவுக்கேற்ப வெட்டி ஒட்டினால் அவை பிழைக்காது.

2018 நவம்பர் 29 அன்று வந்த '2.0' படத்திலும் இதே சிக்கல் எழுந்திருக்கும். வில்லன் வேடத்துக்கு அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரிடம் பேச்சு நடந்தது, பிறகு அக்ஷய் குமார் வந்தார். பறவையியலாளர் பட்சிராஜன் இந்த மண்ணின் சிட்டுக்குருவிகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, யாரும் செவிசாய்க்காமல் அலைபேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்ளும் முதியவர். அர்னால்ட் வந்திருந்தால் அந்த முன்கதை முழுவதையும் தூக்கி எறிய வேண்டியிருந்திருக்கும். படத்தில் மனதில் நிற்பது அந்த இருபது நிமிடங்கள்தான்.

'ரா.ஒன்' படத்தில் ரஜினி சிட்டியாகவே ஒரு சிறு காட்சியில் தோன்றுகிறார். தான் விட்டுவந்த வேடத்தை ஷாருக் தன் சொந்தப் படத்துக்குள் அழைத்து வணக்கம் சொல்கிறார். அதைக் கற்பனையாக எழுதும் துணிச்சல் எந்த ரசிகருக்கும் வந்திருக்காது.