எதிரில் ஓர் ஆள்

இங்கிலாந்துப் பாடகி பெட்டுலா கிளார்க்கின் ‘டவுன்டவுன்’ பாட்டைத் துள்ளல் பாட்டு என்றே எல்லோரும் சொல்வார்கள். ட்ரம்பெட் முழங்குகிறது, கூட்டுக்குரல் ஏறுகிறது, முடிகிறபோது ஊரே திருவிழாக் கோலம். சரிதான். ஆனால் அதன் எடுப்பை ஒரு தடவை கவனமாகக் கேளுங்கள். பியானோ முன்னே நடக்கிறது. அவர் உடனே பாடத் தொடங்குவதில்லை, கிட்டத்தட்டப் பேசுகிறார். தனிமையில் சோர்ந்து கிடக்கும் யாரோ ஒருவரிடம், ‘எழுந்திரு, கொஞ்சம் வெளியே போய்வா’ என்கிற தொனி. வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இரைச்சல் கூடிய பிறகும் குரல் அவற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை. தலைப்புச் சொல் வரும் இடத்தில் மட்டும் நன்றாக விரிந்துவிட்டு, மறுபடி அந்த ஒருவரிடமே திரும்பிவிடுகிறது. பிற்பாதியில், உன்னைப் போலவே துணை தேடும் ஒருவர் அங்கே இருக்கக்கூடும் என்று சொல்கிற இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும்: ஆறுதல் சொல்கிறவருக்கும் அதே தனிமைதானோ?

இது பாடகியின் வேலை மட்டுமல்ல, நடிகையின் வேலையும்கூட. எதிரில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளாமல் பெட்டுலா ஒரு வரியும் பாடுவதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய பால்யமே பதில். 1942 அக்டோபர், போர்க்கால லண்டன். வெளிநாட்டில் போர்முனையில் இருந்த மாமாவுக்கு பிபிசி வானொலி வழியாக ஒரு செய்தி அனுப்ப அப்பாவோடு வந்திருந்தாள், பத்து வயதுகூட நிரம்பாத அந்தச் சிறுமி. விமானத் தாக்குதலால் ஒலிபரப்பு தாமதமானது. அரங்கில் பதற்றம். யாராவது பாடுங்களேன் என்று தயாரிப்பாளர் கேட்க, இவள் முன்வந்தாள். அதன் பிறகு படைவீரர்களுக்கான நிகழ்ச்சிகளில் சுமார் 500 தடவை பாடினாள். மைக்கின் மறுமுனையில் எங்கோ ஒரு சிப்பாய் வீட்டு நினைப்போடு கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை அந்த வயதிலேயே தெரிந்துகொண்ட குரல் அது.

பிறகு குழந்தை நட்சத்திரமாகப் படங்கள் வந்தன. வளர்ந்த பின்னும் இங்கிலாந்து அவரைச் சிறுமியாகவே பார்த்தது. அந்தச் சலிப்பில் பிரான்ஸ் அவருக்கு ஒரு விடுதலை. 1957-இல் பாரிஸின் ஒலிம்பியா மேடை, 1961-இல் பிரெஞ்சுக்காரர் கிளோட் வொல்ஃபுடன் திருமணம், பிரெஞ்சில் வரிசையாக வெற்றிப் பாடல்கள். ஜெர்மனிலும் இத்தாலியனிலும்கூடப் பாடினார்.

மெட்டமைப்பாளர் டோனி ஹேட்ச் பாரிஸ் வீட்டுக்கு வந்து, நியூயார்க் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் போட்ட அரைகுறை மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். பெட்டுலா அப்போது சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாராம். வரிகள் எழுதப்படும் முன்பே, மெட்டைக் கேட்டே பிடித்துப்போனது. அதுதான் ‘டவுன்டவுன்’. 1964 அக்டோபரில் லண்டனில் பதிவானது அந்தப் பாட்டு. 1965 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். அவரை அமெரிக்கர்கள் புதுமுகம் என்றே நினைத்தார்கள். புதுமுகத்துக்கு வயது 32, அனுபவம் இருபத்திரண்டு வருடம்!

பாக் இசைக்குப் பேர்போன பியானோ மேதை கிளென் கூல்ட், கனடாவின் வடபகுதி நெடுஞ்சாலையில் கார் ஓட்டியபடி பெட்டுலாவின் ‘ஹூ ஆம் ஐ’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, 1967-இல் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். பீட்டில்ஸைவிட இவர்தான் அவருக்கு ஒசத்தி. அந்தத் தராசு எனக்கு ஒத்துவராது. ஆனால் கச்சேரி மேடையையே துறந்து ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் புகுந்துகொண்ட மனிதருக்கு, மைக்கின் அந்தரங்கம் தெரிந்த இந்தக் குரல் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

1968-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென ஒரு சிறப்பு நிகழ்ச்சி. கறுப்பினப் பாடகர் ஹேரி பெலஃபாண்டேயுடன் போர் எதிர்ப்புப் பாட்டொன்றைப் பாடும்போது இயல்பாக அவர் கையைப் பிடித்தார் பெட்டுலா. விளம்பரம் தந்த கார் நிறுவனத்தின் பிரதிநிதி ஆட்சேபித்தார். வேறு பதிவைப் போடச் சொன்னார். பெட்டுலாவும் கணவரும் மற்றப் பதிவுகளை அழித்துவிட்டு, இதைத்தான் போட முடியும் என்று நின்றார்கள். அப்படியே ஒளிபரப்பாகியது. அந்தப் பாட்டில் அவர் பாடிக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற மனிதரோடு; கையை எப்படி எடுப்பது?

மேடை அவருக்குத் தாமதமாகத்தான் முழுதாக வாய்த்தது. 1981-இல் லண்டனில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தின் கன்னிமாடத்து இளம்பெண் மரியாவாக நடித்தபோது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். நிஜ மரியாவான மரியா ஃபான் டிராப்பே வந்து பார்த்துப் பாராட்டினார். 1993-இல் பிராட்வேயில் ‘பிளட் பிரதர்ஸ்’: பிறந்ததும் பிரிக்கப்படும் இரட்டைப் பிள்ளைகளின் தாய், லிவர்பூலின் ஏழைத் தொழிலாளர் வர்க்கப் பெண். பிறகு ‘சன்செட் புலவார்ட்’டின் நோர்மா டெஸ்மண்ட், உலகம் மறந்துபோன பழைய நட்சத்திரம். உலகம் மறக்காத ஒருவர் அந்த வேடத்தை லண்டனிலும், பிறகு அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலுமாக ஆண்டுக்கணக்கில் ஆடியது ஒரு வேடிக்கை. எண்பத்தேழாம் வயதில், 2019-இல், ‘மேரி பாப்பின்ஸ்’ நாடகத்தின் பறவைக் கிழவி வேடம் வந்தபோது அதையும் விடவில்லை.

மேடை நடிப்பு பார்த்தவர்களோடு போய்விடும். நமக்கு மிஞ்சுவது ஒலித்தட்டுதான். ஒன்றே ஒன்று கேட்க நேரமிருந்தால் ‘பிளட் பிரதர்ஸ்’ பதிவின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். பிள்ளைகள் இருவரும் செத்துக் கிடக்கிறார்கள். பெரிய தொண்டை உள்ளவர்கள் அங்கே மேல்ஸ்தாயியில் கதறி அரங்கத்தை அதிரவைப்பார்கள். பெட்டுலா தொடங்குவது முணுமுணுப்பில். நடந்ததை நம்ப மறுத்து, யாராவது பொய்யென்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சும் தாய், கேட்பது நம்மிடம்தான்.